ஊற்றில் வெளுத்த பாட்டில்

பரணில் வெயில் ஏறிவிட்டால் மாசிபத்திரியின் கசப்பு வாடை படிக்கட்டு வரைக்கும் இறங்கி வரும். நுமா லெபா மேலே போவதற்கு அதுவே போதுமான காரணம். கட்டுக் கட்டாகத் தொங்கும் செடிகளைத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்பக்கம் பூஞ்சை பிடித்துவிடும். அது அவனுடைய வேலை. அதில் பொய் இல்லை. திருப்பிவிட்டுத்தான் குடித்தான்.

கடைசி உத்தரத்துக்குக் கீழே, பழைய சாக்குகளால் மூடி, பாட்டில்கள் வரிசையாக நின்றன. அவன் மனைவி ப்ளுவெட் அந்தச் செடியைப் போட்டு வடித்த சாராயம். தக்கையைத் திருகி எடுப்பான், ஒரு வாய் விழுங்குவான், இன்னொரு வாய். பிறகு தகரக் குவளையில் கொண்டுபோன தண்ணீரைக் குறைந்த அளவுக்கு ஊற்றித் தக்கையை அமுக்கிவிடுவான். ஒரே பாட்டிலில் திரும்பத் திரும்பக் கைவைக்க மாட்டான். இன்று முன்வரிசை என்றால் அடுத்த முறை பின்வரிசை. எதில் கைவைத்தோம், எதில் வைக்கவில்லை என்று நினைவு வைத்துக்கொள்ளவும் இல்லை. நினைவு வைத்துக்கொண்டால் அது திருட்டு என்று தனக்கே தெரிந்துவிடும்.

தண்ணீர் பட்டால் அந்தச் சரக்கு வெளுக்கும். பொவரெஸ் கிராமத்தில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட அது தெரியும். கண்ணாடி போல இருப்பது தண்ணீர் விழ விழப் பால் போல ஆகும், அதைப் பார்ப்பதற்கென்றே பாதிப் பேர் குடிப்பார்கள். நுமாவும் முதல் தடவை பயந்துதான் ஊற்றினான். சொட்டுச் சொட்டாக விட்டுப் பாட்டிலைப் பரண் சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். தண்ணீர் விழுந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புகை சுருண்டது. குலுக்கினான். மறைந்துபோனது. பாட்டில் பழையபடி தெளிவாக நின்றது. சரக்கு நல்ல காரமாக இருந்தால் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும் போல என்று முடிவு கட்டினான். அந்த மத்தியானம் பரண் அடுப்பு மாதிரிக் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

அவன் குடிக்கிறான் என்று அந்தப் பள்ளத்தாக்கில் ஒருவருக்கும் தெரியாது. சொன்னால் சிரிப்பார்கள். முன்பு ஊரறிந்த குடிகாரனாக இருந்தவன்தான். பால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் போதையில் வண்டியை அரூஸ் ஆற்றுச் சரிவில் விட்டான். பக்கத்தில் ப்ளுவெட் இருந்தாள். அவளுடைய இடது கையில் இரண்டு விரல்கள் ஒடிந்தன, கோணலாகவே ஒட்டிக்கொண்டன. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக இவெர்தோனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நுமா குடியை விட்டவர்களின் நீலச் சிலுவைச் சங்கத்துக்குப் போய், இனித் தொடமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகும் ஒரு குளிர்காலம் முழுக்கக் காக்கவைத்துவிட்டுத்தான் அவள் திரும்பி வந்தாள்.

வந்தவள் வடிப்பதை விடவில்லை. விடச் சொல்ல அவனுக்கு வாயும் இல்லை. மரம் அறுக்கும் பட்டறைச் சம்பளத்தில் வீட்டுக் கூரை ஒழுகுவதைக்கூட நிறுத்த முடியாது. அதைவிட, அது அவளுடைய வேலை. அதில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது.

அந்தச் சரக்கின் நிஜப் பெயர் அப்சிந்த், ஆனால் அந்தச் சொல்லை அங்கே யாரும் வாயால் சொல்வதில்லை. நுமா பிறப்பதற்கு முன்பே அரசாங்கம் அதைத் தடை செய்துவிட்டது. ஊரில் அதற்கு நீலம் என்று பெயர். நீலச் சிலுவைக்காரன் வீட்டில் நீலம் காய்ச்சுகிறார்கள் என்பது சத்திரத்தில் பழகித் தேய்ந்த நகைச்சுவை. ப்ளுவெட் துணி வெளுக்கும் நாளாகப் பார்த்துச் சலவைக் கொட்டகையில் வடிப்பாள். புகைபோக்கியில் ஆவி வந்தால் துணி வேகிறது என்று நினைப்பார்கள். சரக்கில் சேரும் சோம்பின் வாசனையை அமுக்க அடுப்பில் புளித்த முட்டைக்கோசை ஒரு பானை வேகவைப்பாள். தலைநகர் பெர்னிலிருந்து வரும் அதிகாரிகள் மோப்பம் பிடித்தால் செம்புப் பானையைக் கோடாலியால் பிளந்துவிட்டு, அபராதச் சீட்டையும் நீட்டிவிட்டுப் போவார்கள்.

கடை இல்லை, விளம்பரம் இல்லை, பாட்டிலில் பெயர்ச்சீட்டு இல்லை. பிறகு யார் சரக்கு நல்ல சரக்கு என்று ஊருக்கு எப்படித் தெரியும்? ஊற்றுதான் சொல்லும். மேலே காட்டுக்குள் கல்தொட்டி கட்டிய ஊற்றுகள் உண்டு. வடிக்கிறவர்கள் ஆளுக்கு ஓர் ஊற்றில் ஒரு பாட்டிலை வைப்பார்கள். தொட்டிக்குக் கீழே கல்லைப் புரட்டினால் ஒரு குழி, அதில் எந்நேரமும் ஓடுகிற தண்ணீருக்குள் பாட்டில் கிடக்கும். நடந்து வருகிறவர் எடுத்து, கவிழ்த்து வைத்த கிளாசில் கொஞ்சம் ஊற்றி, குழாய்த் தண்ணீரை நூல் போலப் பிடித்து, வெளுக்கவிட்டு, நின்றபடியே குடிப்பார். கிளாசைக் கழுவிக் கவிழ்ப்பார், பாட்டிலைக் குழிக்குள் வைத்துக் கல்லை மூடுவார். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறவன் அந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. பிடித்திருந்தால் கீழே வந்து சம்பந்தப்பட்ட வீட்டின் பின்கதவைத் தட்டுவார்.

ப்ளுவெட்டின் ஊற்றுக்குப் பாட்டில் சுமந்தவன் நுமா. தொடக்கத்தில் அவளே போய்க்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோகிறேன் என்று அவன்தான் கேட்டு வாங்கினான். அவள் ரொம்ப நேரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கொடுத்தாள். அன்றிலிருந்து ஊரில் அது ஒரு பேச்சானது. நுமா பாட்டிலைச் சுமக்கிறான், மோந்துகூடப் பார்ப்பதில்லை. சத்திரத்தில் அவனுக்கு ஆப்பிள் சாறு ஊற்றும்போது கொஞ்சம் மரியாதையோடு ஊற்றினார்கள். பல வருடங்கள் அது உண்மையாகவும் இருந்தது. இந்த வசந்தத்தில்தான் கெட்டது. பெரிய காரணம் எதுவும் கிடையாது. செடி திருப்பப் போனான், தாகமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஊற்றில் பாட்டிலை வைத்ததும் அவன் ஒரு நொடிகூட நிற்கமாட்டான். கல்லை மூடிவிட்டு இறங்கிவிடுவான். அதனால் அந்தக் குளிரில் பாட்டிலுக்கு என்ன ஆகிறது என்று அவன் பார்த்ததே இல்லை.

பார்த்தவர்கள் பார்த்தார்கள். யுலிஸ் பார்லே என்று ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர். கடிதம் கொடுக்கிற வேலை போனபிறகு செய்தி கொடுக்கிற வேலையை மட்டும் வைத்துக்கொண்டவர். ஆகஸ்ட் கடைசியில் அவர் பின்கதவைத் தட்டாமலேயே சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தார். ப்ளுவெட் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நுமா மேசையின் மறுமுனையில் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"ப்ளுவெட்டு, உன் சரக்குக்கு வெக்கம் ஜாஸ்தி போல. கிளாசுக்கு வர்றதுக்கு முன்னாடியே வெளுத்துப் போயிருதாமே."

அவள் கத்தியை நிறுத்தினாள். என்ன உளறல் என்று கேட்டாள். யுலிஸ் சிரிப்பை விட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார். ஊற்றுக் குழியிலிருந்து எடுக்கும்போதே பாட்டில் மோர்த்தெளிவு மாதிரிக் கலங்கியிருக்கிறது. ஒரு முறை என்றால் யாரோ குறும்புக்காரன் என்று விட்டுவிடலாம், இது மறுபடியும் மறுபடியும். சத்திரத்தில் பேசுகிறார்கள். ப்ளுவெட் தண்ணீர் விட்டுச் சரக்கை நீட்டி விற்கிறாள் என்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லையாம், மற்றவர்கள் சொல்வதைச் சொல்கிறாராம்.

"என் கையால ஒரு சொட்டுத் தண்ணி பாட்டில்ல விழுந்திருந்தா இந்தக் கையும் கோணிப் போகட்டும்" என்றாள் ப்ளுவெட். நல்ல கையைத்தான் தூக்கிக் காட்டினாள்.

நுமா அதே பூட்ஸுக்கு இரண்டாவது தடவை எண்ணெய் போட்டான்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் அவனைத் தின்றன. அவள் யார்மீதும் சந்தேகப்படவில்லை. தன்மீதே சந்தேகப்பட்டாள். வடித்து முடியும் நேரத்தில் கடைசியாக வருவது சப்பென்று இருக்கும், அதைக் கலக்காமல் நிறுத்திவிட வேண்டும். ஒருவேளை அதில் கொஞ்சம் சேர்ந்துவிட்டதோ என்று முனகினாள். நாக்கு மழுங்கிவிட்டதோ என்றாள். செம்புப் பானையைக் கழற்றி, குழாயை ஊதிப் பார்த்து, எல்லாவற்றையும் மறுபடி தேய்த்தாள். அவன் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவள் அவன் கண்ணெதிரே ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. ருசி பார்க்க வேண்டுமென்றால் சலவைக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். இப்போது அடிக்கடி அந்தக் கதவு சாத்தியது. வெளியே வரும்போது அவள் முகத்தில், பரீட்சையில் எங்கே தப்பு விட்டோம் என்று தெரியாத பிள்ளையின் குழப்பம் இருக்கும். பின்கதவைத் தட்டுகிறவர்கள் குறைந்தார்கள். பக்கத்து ஊரில் வடிக்கும் பெர்த் ஜான்னென் வீட்டுக்குப் போகிறார்கள் என்று தெரிந்தது.

நுமா பரணுக்குப் போவதை நிறுத்தினான் என்று சொல்ல ஆசைதான். தண்ணீர் ஊற்றுவதை மட்டும்தான் நிறுத்தினான்.

செப்டம்பரில், மாடுகள் மேய்ச்சலிலிருந்து இறங்கும் முன், ஊற்றுக்குப் பக்கத்துப் புல்வெளியில் தணல் விருந்து போடுவது வழக்கம். ஊசியிலை மரக் கிளைகளைப் போட்டு எரித்து, தணலானதும், முட்டைக்கோசு இலையிலும் காகிதத்திலும் சுற்றிய பன்றித் தொத்திறைச்சியைச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டு, அது வேகும்வரை கதை பேசுவார்கள். பாதி ஊர் வரும். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ப்ளுவெட் தன் முடிவைச் சொன்னாள். நாளைக்கு எல்லார் முன்னாலும் ஒரு பாட்டிலை ஊற்றில் போடப் போகிறாள். புதிதாக வடித்தது வேண்டாம், இதற்கென்று விசேஷமாக வடித்தாள் என்பார்கள். பரணில் இருப்பதிலேயே ஒன்று. அவள் எடுக்கமாட்டாள், யுலிஸ் வந்து தன் கையால் எதையாவது எடுக்கட்டும். தொத்திறைச்சி வேகும்வரை பாட்டில் குளிரில் கிடக்கட்டும். தெளிவாக வந்தால் பேசினவர்கள் வாயை மூடட்டும்.

"வெளுத்து வந்தா?" என்றான் நுமா. அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

"வந்தா எனக்கு வேலை தெரியலன்னு அர்த்தம். பானைய நானே ஒடச்சிருவேன்" என்றாள் அவள். பிறகு மென்றுகொண்டே, "வராது" என்றாள்.

தட்டைக் கழுவும் சாக்கில் எழுந்தவன் படிக்கட்டைப் பார்த்தான். எப்படியாவது பிரித்துவிடலாம், தான் கைவைத்ததை எல்லாம் எடுத்து ஒளித்துவிடலாம் என்று ஓடியது புத்தி. அவள் அவன் பார்வையைக் கவனித்துவிட்டுத் தன் மேலங்கிப் பையைத் தட்டிக் காட்டினாள். பரணைப் பூட்டிவிட்டாளாம். நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அவளேகூட மேலே போகப் போவதில்லை.

அப்போது அவன் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தான்.

"நாளைக்கு மழை வருமோ" என்றான்.

படுத்த பிறகு கணக்குப் போட ஆரம்பித்தான். மொத்தம் இத்தனை பாட்டில் இருக்கும், தான் தொட்டது பாதிக்கும் கீழேதான் இருக்கும், யுலிஸ் சோம்பேறி, முன்வரிசையில்தான் கைவைப்பார், முன்வரிசையில் பலதும் ஊற்றுக்குப் போய்விட்டன, மீதி பெரும்பாலும் நல்லது. இப்படியே. அவள் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கினாள். ஒரு பெண்ணுடைய பெயரை வைத்துச் சூதாடிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் கணக்குப் போட்டான்.

மறுநாள் யுலிஸ் பின்வரிசையில் கைவைத்தார். முழங்காலில் தவழ்ந்துபோய், மூலையிலிருந்து ஒன்றை இழுத்துத் தூசியை ஊதிச் சன்னலில் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. ப்ளுவெட் நுமாவைப் பார்த்து அந்த மாதத்தில் முதன்முறையாகச் சிரித்தாள். பாட்டிலை யுலிஸே சுமந்தார், வழியெல்லாம் குழந்தையைச் சுமப்பது போலப் பாவனை செய்துகொண்டு.

வெயில் நன்றாக இருந்தது. மழை வரும் அறிகுறியே இல்லை. யுலிஸ் எல்லாரையும் கூப்பிட்டுக் கல்லைப் புரட்டிப் பாட்டிலைக் குழியில் இறக்கினார். நுமா தணலைக் கிளறும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான், ஊற்றுக்கு முதுகு காட்டி உட்கார அது ஒன்றுதான் வசதி. பின்னால் ப்ளுவெட்டின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நன்றாகப் பேசினாள். பெர்த்தின் சரக்கைக் குடித்தால் சோம்பு மிட்டாயைக் கரைத்துக் குடித்தது போல இருக்கும் என்றாள், சிலர் சிரித்தார்கள். அவன் ஒரே ஒரு தொத்திறைச்சியைத் திரும்பத் திரும்பப் புரட்டினான். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று தோன்றும்போதெல்லாம் ஒரு தடவை புரட்டினான். காகிதம் தீய்ந்து இலை கருகியது.

"வெந்துருச்சு" என்று யாரோ சொன்னார்கள். யுலிஸ் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழிக்குள் கையை விட்டார்.

எல்லாரும் சட்டென்று பேச்சை நிறுத்தியதிலேயே நுமாவுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தான். பாட்டில் முழுக்கவும் வெள்ளையாக இல்லை. குளிர்காலச் சன்னலில் மூச்சுப் பட்டது போல ஒரு மங்கல், அடியில் கொஞ்சம் கெட்டியாக. ஆனால் மறுக்க முடியாத மங்கல். யுலிஸ் விளையாட்டை மறந்து, பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ப்ளுவெட் அதை வாங்கினாள். பாவாடையில் துடைத்தாள். வெயிலுக்குக் காட்டினாள், உள்ளங்கையால் மூடிச் சூடுபடுத்திப் பார்த்தாள். கைபட்ட இடத்தில் லேசாகத் தெளிந்தது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். வேலையில் தப்பு இல்லை, இது தண்ணீர். பரணின் சூட்டில் மறைந்து கிடந்த தண்ணீர். பிறகு தக்கையைப் பார்த்தாள். அவள் எப்போதும் கட்டையால் அடித்துத் தக்கையைச் சமமாக இறக்குவாள். இது கட்டைவிரலால் அமுக்கியது, ஒரு பக்கம் தூக்கி நின்றது. பரணுக்குப் போகிறவர்கள் அந்த வீட்டில் இரண்டு பேர்.

அவள் நுமாவைப் பார்த்தாள். அவன் சாம்பலைப் பார்த்தான்.

"தண்ணி கலந்தது நான்தான்" என்றாள் ப்ளுவெட். "இந்த வருஷம் செடி கம்மி. கொஞ்சம் இழுத்துப் பாத்தேன். போதுமா?"

"அடிப்பாவி. அப்பறம் எதுக்கும்மா எங்கள இவ்ளோ தூரம் ஏறவிட்ட?" என்றார் யுலிஸ். அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் இருந்தது.

"நீ நல்ல பாட்டிலா எடுப்பேன்னு நெனச்சேன். உன் கை ராசி அப்படி."

பாட்டிலைப் புல்லில் கவிழ்த்தாள். அது குழறிக் குழறிக் காலியானது. சோம்பு வாசனை புகையோடு கலந்து எல்லார் மூக்கிலும் ஏறியது. பிறகு யாரோ ரொட்டியை அறுத்தார்கள், தொத்திறைச்சியைப் பிரித்தார்கள். விருந்து நடந்தது. முதல் துண்டை நுமாவிடம் நீட்டி, யுலிஸ் அவன் தோளை அழுத்தினார். பாவம், அவனுக்கு எப்படித் தெரியும் என்கிற அழுத்தல். நுமா அந்தத் துண்டை வாங்கித் தின்றான். முழுவதும் தின்றான்.

இறங்கி வரும்போது அவள் முன்னால் நடந்தாள். வீட்டுக் கதவைச் சாத்திய பிறகு அவன் ஏதோ தொடங்கினான். அவள் கையை உயர்த்தினாள், கோணல் விரல்கள் உள்ள கையை.

"குடிகாரன் பொண்டாட்டியா ஒரு தடவ இருந்தாச்சு. தெருவுல போனா எல்லாரும் பாவமா பாத்தாங்க. அது மறுபடி வேண்டாம். ஏமாத்துக்காரின்னா திட்டுவாங்க. திட்டட்டும்."

அவ்வளவுதான் பேசினாள். பரண் சாவியை ஆணியில் மாட்டினாள், எல்லாருக்கும் தெரிகிற ஆணியில். நுமா அதைத் தொடவில்லை. மேலே போகவே பயந்தான். செடிகளைத் திருப்ப ஆளில்லாமல், அக்டோபரில் கட்டுகளின் உள்பக்கம் சாம்பல் நிறப் பூஞ்சை பிடித்தது.

பின்கதவை யாரும் தட்டவில்லை. துணி வெளுக்கும் நாளில் அவள் இப்போது நிஜமாகவே துணி மட்டும் வெளுத்தாள். ரொட்டிக்கடையில் அவளுக்கு முன்னால் நிற்கிறவர்கள் பேச்சைக் குறைத்தார்கள். தண்ணீர்க்காரி என்று ஒரு பெயர் வந்தது, அவள் காதுபடவே வந்தது. நுமாவுக்கோ எல்லாம் நேர்மாறாக நடந்தது. பட்டறையில் அவன் தூக்க வேண்டிய பாரத்தை இன்னொருவன் தூக்கினான். சங்கக் கூட்டத்தில் பாதிரியாரின் மனைவி அவனுக்குத் தேநீரில் இரண்டு கட்டிச் சர்க்கரை போட்டு, பொறுமையாக இருங்கள் என்றாள். எப்பேர்ப்பட்ட நேர்மையான மனுஷன், அவனுக்கு இப்படி ஒரு வீடு என்று பேசினார்கள். அதுவும் அவன் காதுபடத்தான்.

முதல் பனி விழுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு மாலை, அவன் சத்திரத்தில் உட்கார்ந்திருந்தபோது யுலிஸ் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். உள்ளே பாட்டில். பெர்த்தின் சரக்கு. ப்ளுவெட்டின் ஊற்று காலியாகக் கிடக்கிறது, ஊற்று காலியாக இருக்கக் கூடாது, பெர்த் கொடுக்கச் சம்மதித்துவிட்டாள் என்றார். சுமக்க ஒரு ஆள் வேண்டும்.

"நம்பிக் குடுக்கறதுக்கு உன்ன விட்டா இந்த ஊர்ல யாருப்பா இருக்கா?"

சுற்றியிருந்த மேசைகளில் தலைகள் ஆமோதித்தன. நுமா பையைத் தன் பக்கத்திலிருந்து நகர்த்தினான்.

"வேற ஆளப் பாருங்க. நான் குடிச்சுருவேன்."

சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று நினைத்தார்கள். அவன் எழுந்து நின்றான். கையெழுத்துப் போட்ட நாளில் நின்றது போலவே, தொப்பியைக் கழற்றி நின்றான்.

"ப்ளுவெட் கலக்கல. பரண்ல நான்தான் குடிச்சேன், வசந்தத்துலேருந்து. குடிச்சுட்டுத் தண்ணி ஊத்துனேன். பரண்ல சூடு, அதனால வெளுக்கல. ஊத்துக் குளிர்ல வெளுத்துருச்சு. எல்லாம் நான்தான்."

சிரிப்பு நின்றது. ஒரு கணம் அவனுக்கு உடம்பெல்லாம் லேசானது. யுலிஸின் கண்கள் கலங்கியிருந்தன.

"பாருங்கடா. பொண்டாட்டிய காப்பாத்தறதுக்கு இவன் எந்த அளவுக்குப் போறான் பாருங்க. சூடு, குளிருன்னு ஒக்காந்து யோசிச்சு வச்சிருக்கான்."

இல்லை, நிஜம் என்றான் நுமா. அவளே எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டாளே என்றார்கள். அன்று அவன் அங்கேதானே இருந்தான், நிஜமென்றால் அன்றே சொல்லியிருக்கமாட்டானா? யாராக இருந்தாலும் அன்றே சொல்லியிருப்பார்கள். அவன் எப்படிச் சும்மா உட்கார்ந்து தொத்திறைச்சியைத் தின்றான் என்பதைத்தான் அவர்களால் நம்ப முடியவில்லை, அவர்கள் அவனை அவ்வளவு மோசமாக நினைக்கவில்லை. பையிலிருக்கும் பாட்டிலைத் திறந்து அங்கேயே ஒரே மூச்சில் குடித்துக் காட்டலாம், நம்புவார்கள். கை பைமேல் போனது. நம்பினால், நாளைக்கு ரொட்டிக்கடையில் அவளை எல்லாரும் பாவமாகப் பார்ப்பார்கள். கையை எடுத்துக்கொண்டான். ஒரு கிளாஸ் ஆப்பிள் சாறு அவன் முன்னால் வந்து நின்றது. யார் வாங்கிக் கொடுத்தது என்று தெரியவில்லை. குடிக்காமல் வந்துவிட்டான்.

அவன் வீட்டை அடைவதற்குள் செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது. ப்ளுவெட் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள்.

"சொன்னியாமே."

"சொன்னேன். நம்பல."

"நம்ப மாட்டாங்க. அன்னிக்கு நீ வாயத் தொறந்திருந்தா நம்பிருப்பாங்க." அவள் குரலில் சூடு எதுவும் இல்லை. "இனிமே சொல்லாத. சொல்லச் சொல்ல உனக்குத்தான் பேரு ஏறுது."

அவள் எழுந்து அலமாரியைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு பாட்டிலையும் ஒரு கிளாசையும் எடுத்தாள். ஒரே ஒரு கிளாஸ். தக்கை சமமாக இறங்கியிருந்தது, அவன் கைபடாத பாட்டில். ஊற்றினாள். பிறகு மண்கூஜாவில் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து, கிளாசை மேசை நடுவுக்குத் தள்ளி, கூஜாவை அவன் பக்கம் வைத்தாள். அவன் கையெழுத்துப் போட்டபிறகு அவன் எதிரில் அவள் குடிக்கப்போவது அதுதான் முதல் தடவை.

"தண்ணி ஊத்து" என்றாள். "அதுதான் உனக்கு நல்லா வருமே."

அவன் கூஜாவைத் தூக்கினான். உயரத்திலிருந்து, நூல் போல, அறுபடாமல் விழ வேண்டும். கூஜா சட்டென்று சரிந்து தண்ணீர் ஒரு கட்டியாக விழுந்து மேசையில் தெறித்தது.

"மெதுவா."

அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இப்போது நூல் அறுபடவில்லை. கிளாசின் அடியில் ஒரு வெள்ளைப் புகை சுருண்டு எழுந்தது, மறையவில்லை, பரவியது. அவள் கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்தச் சொல்லும்வரை அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான்.